தளத்தை ஹோஸ்டிங்கில் ஏற்ற எந்த வழி? நெறிமுறைகளும் மென்பொருள்களும் ஓர் ஒப்பீடு

ஹோஸ்டிங் கணக்கு திறந்த கையோடு ஒரு மின்னஞ்சல் வரும். சர்வர் பெயர், பயனர்பெயர், கடவுச்சொல், ஒரு போர்ட் எண் (சர்வரில் எந்த வாசல் வழியே நுழைவது என்று சொல்லும் எண்). அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. பலரும் உடனே கோப்புகளை ஏற்றும் ஏதோ ஒரு எஃப்டிபி மென்பொருளை இறக்கி, அந்த நான்கையும் கட்டங்களில் நிரப்பி, இணைப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இணைந்துவிட்டால் சரி. இல்லையென்றால் அந்த மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை இறக்குகிறார்கள். அதிலும் அதே கதைதான் நடக்கும். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இருப்பதில்லை. சர்வர் எந்த நெறிமுறையில், அதாவது எந்தப் பேச்சு விதிகளில், பேசுகிறது என்று பார்க்காமல் தட்டியதில் இருக்கிறது. அதனால் இங்கே நெறிமுறையை முதலில் பார்த்துவிட்டு மென்பொருளுக்கு வருவோம்.

எஃப்டிபி, எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி

எஃப்டிபி மிகப் பழையது. அபய் பூஷண் எழுதிய அதன் முதல் வரையறை 1971 ஏப்ரலில் வெளியானது. இன்று புழங்கும் வடிவம் 1985இல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற தர ஆவணத்தில் உள்ளது. அந்தக் காலத்தில் வலையமைப்பில் ஒட்டுக்கேட்பவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பயனர்பெயர் ஒரு வரியாகவும் கடவுச்சொல் அடுத்த வரியாகவும் எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே போகும். பொது வைஃபையில் உட்கார்ந்து வெறும் எஃப்டிபியில் தளத்தை ஏற்றினால், அதே வலையில் பாக்கெட்டுகளைப் பிடிக்கத் தெரிந்த எவரும் அந்த வரியைப் படித்துவிடலாம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இலேயே எஃப்டிபி ஆதரவை நீக்கிவிட்டன.

எஃப்டிபிஎஸ் என்பது அதே எஃப்டிபிக்கு டிஎல்எஸ் மறையாக்கம் போர்த்திய வடிவம். இதில் இரண்டு வகை. எக்ஸ்பிளிசிட் வகையில் வழக்கமான 21ஆம் போர்ட்டில் இணைந்த பிறகு, மென்பொருள் கேட்டு மறையாக்கத்தைத் தொடங்கும். இம்பிளிசிட் வகை 990ஆம் போர்ட்டில் தொடக்கத்திலிருந்தே மறையாக்கத்தோடு பேசும். இது பழைய முறை. 2005இல் வந்த ஆர்எஃப்சி 4217 எக்ஸ்பிளிசிட் வகையைத்தான் வரையறுக்கிறது, சர்வர்களும் பெரும்பாலும் அதையே தருகின்றன.

எஸ்எஃப்டிபிக்குப் பெயரில் மட்டும்தான் எஃப்டிபி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறவு எதுவும் இல்லை. இது சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்ஹெச் என்ற முறையின் மேல் ஓடுகிறது, வழக்கமாக 22ஆம் போர்ட்டில். பெயர்க் குழப்பத்தால் வரும் தவறு இப்படி இருக்கும்: மின்னஞ்சலில் போர்ட் 22 என்று இருக்கும், மென்பொருளில் நெறிமுறை எஃப்டிபி என்றே தேர்வாகி இருக்கும், போர்ட் கட்டத்தில் மட்டும் 22 என்று அடித்திருப்பார்கள். ஃபைல்ஸில்லா என்ற மென்பொருள் அப்போது, எஸ்எஃப்டிபி சர்வரோடு எஃப்டிபி இணைப்பு ஏற்படுத்த முடியாது, சரியான நெறிமுறையைத் தேர்ந்தெடுங்கள் என்று தெளிவாகவே சொல்லிவிடும். வேறு சில மென்பொருள்கள் வெறுமனே காத்துக் கிடந்து நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளும்.

லாகின் ஆகிறது, பட்டியல் வரவில்லை: ஏன்?

எஃப்டிபியில் அடிக்கடி வரும் தொல்லை இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மூன்று நெறிமுறைகளில் எதை எடுப்பது என்பதும் தானே விளங்கும்.

எஃப்டிபி இரண்டு இணைப்புகளை வைத்து வேலை செய்கிறது. கட்டளைகள் 21ஆம் போர்ட்டில் போகும். கோப்புகளும், ஏன் ஃபோல்டரின் பட்டியலும்கூட, ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கும் தனி இணைப்பில் போகும். ஆக்டிவ் முறையில் சர்வர் உங்கள் கணினியைத் தேடி வந்து அந்த இரண்டாவது இணைப்பைத் திறக்கப் பார்க்கும். வீட்டு ரூட்டரோ அலுவலக ஃபயர்வாலோ வெளியிலிருந்து வரும் அந்த அழைப்பைத் தடுத்துவிடும். அதனால் இன்று பெரும்பாலான மென்பொருள்கள் பேசிவ் முறையைத்தான் முதலில் எடுக்கின்றன: சர்வர் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எண்ணைச் சொல்லும், உங்கள் மென்பொருள் அங்கே போய் இணையும்.

பதிவுச் சாளரத்தில் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள்: 227 என்டரிங் பேசிவ் மோட் (203,0,113,10,195,80). முதல் நான்கு எண்கள் சர்வரின் ஐபி முகவரி. கடைசி இரண்டும் போர்ட்டைக் குறிப்பவை. ஐந்தாவது எண்ணை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்ட வேண்டும்: 195 பெருக்கல் 256 என்றால் 49920, அதோடு 80 சேர்த்தால் 50000. ஆக உங்கள் மென்பொருள் இப்போது 50000ஆம் போர்ட்டில் இணையப் போகிறது. அந்தப் போர்ட் சர்வரின் ஃபயர்வாலில் மூடியிருந்தால் இணைப்பு தொங்கிக்கொண்டே இருக்கும். ஃபைல்ஸில்லா இயல்பாக 20 விநாடி பார்த்துவிட்டு, டைரக்டரி பட்டியலைப் பெற முடியவில்லை என்று சொல்லும். லாகின் சரியாக நடந்திருக்கும், கடவுச்சொல்லும் சரி; ஆனாலும் ஒரு கோப்பும் கண்ணில் படாது.

அந்த அடைப்புக்குள் 192,168 என்றோ 10,0 என்றோ தொடங்கும் எண்கள் வந்தால் அது வேறு சிக்கல். சர்வர் தன் உள்முகவரியைச் சொல்கிறது; வெளியிலிருந்து அங்கே யாரும் போய்ச் சேர முடியாது. ஃபைல்ஸில்லா அதைக் கண்டுபிடித்து சர்வரின் வெளிமுகவரியையே பயன்படுத்திக்கொள்ளும். அந்தப் புத்தி இல்லாத மென்பொருளில் இணைப்பு அறுந்துபோகும். திருத்த வேண்டியது சர்வர் பக்கத்தில்தான், எஃப்டிபி சேவையின் அமைப்பில் வெளிமுகவரியைக் குறிப்பிட வேண்டும்.

சிலருக்கு வெறும் எஃப்டிபியில் எல்லாம் வேலை செய்யும். எஃப்டிபிஎஸ் போட்டால் பட்டியலில் நின்றுவிடும். காரணம் இது: பல ஃபயர்வால்கள் கட்டளை இணைப்பில் போகும் 227 வரியை எட்டிப் பார்த்து, அதில் சொன்ன போர்ட்டை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுகின்றன. மறையாக்கம் வந்ததும் அந்த வரி ஃபயர்வாலுக்குத் தெரியாது, போர்ட்டும் திறக்காது. அப்போது மறையாக்கத்தை நிறுத்திப் பார்த்தவர்கள், வேலை செய்கிறதே என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் சொந்த சர்வர் என்றால் எஃப்டிபி சேவையில் ஒரு பேசிவ் போர்ட் வரம்பைக் குறித்து, அதே வரம்பை ஃபயர்வாலிலும் திறந்துவிடுங்கள். பலர் ஒரே சர்வரைப் பகிரும் பகிர்வு ஹோஸ்டிங் என்றால், பேசிவ் போர்ட் வரம்பு வெளியிலிருந்து திறந்திருக்கிறதா என்று ஆதரவுக் குழுவிடம் இதே சொற்களில் கேளுங்கள். கேள்வி துல்லியமாக இருந்தால் பதிலும் சீக்கிரம் வரும்.

எஸ்எஃப்டிபியில் இந்தப் பாடு எதுவும் இல்லை. கட்டளை, பட்டியல், கோப்பு எல்லாம் ஒரே இணைப்பில், ஒரே போர்ட்டில் போகும். 22 திறந்திருந்தால் எல்லாம் ஓடும், மூடியிருந்தால் எதுவும் ஓடாது. நடுவில் தொங்கும் நிலையே கிடையாது. உங்கள் ஹோஸ்டிங் எஸ்எஃப்டிபி தந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. சிபேனல் என்ற ஹோஸ்டிங் பலகத்தில் முதன்மைக் கணக்கு தவிர நீங்களாக உருவாக்கும் கூடுதல் எஃப்டிபி கணக்குகள் எஸ்எஃப்டிபிக்குச் செல்லாது. அவை சர்வரில் உண்மையான பயனர்கள் அல்ல, எஃப்டிபி சேவைக்கு மட்டுமே தெரிந்த பெயர்கள். வடிவமைப்பாளர் ஒருவருக்கு ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி தர வேண்டும் என்றால், முதன்மைக் கடவுச்சொல்லை எடுத்துக் கொடுத்து எஸ்எஃப்டிபி வழியே விடுவதைவிட, அந்த ஃபோல்டருக்குள் அடைத்த தனி எஃப்டிபி கணக்கை எஃப்டிபிஎஸ் வழியே தருவது நல்லது. அத்தகைய கணக்கின் பயனர்பெயர் மின்னஞ்சல் முகவரி போல ‘அட்’ குறியும் டொமைன் பெயரும் சேர்ந்து முழுதாக இருக்கும். முன்பகுதியை மட்டும் அடித்தால் 530 என்ற பிழை எண்ணோடு லாகின் மறுக்கப்படும்.

சர்வர் பெயர்க் கட்டத்தில் எதை அடிப்பது?

டொமைன் இன்னும் புதிய ஹோஸ்டிங்குக்குத் திரும்பவில்லை என்றால், டொமைன் பெயரை அடிப்பது பழைய சர்வருக்கோ எங்கும் இல்லாத இடத்துக்கோ கொண்டுபோய் விடும். அந்தக் கட்டத்தில் சர்வரின் சொந்தப் பெயரையோ ஐபி முகவரியையோ கொடுங்கள். கிளவுட்ஃபிளேர் போல நடுவில் நிற்கும் (ப்ராக்ஸி) சேவைக்குப் பின்னால் டொமைனை வைத்திருந்தாலும் இதே கதைதான்: அந்த ப்ராக்ஸி வலைப்பக்கப் போக்குவரத்தை மட்டும் கடத்தும், 21க்கும் 22க்கும் வழி விடாது.

எஃப்டிபிஎஸ்ஸில் சான்றிதழ் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வருவதற்கும் பெரும்பாலும் பெயர்தான் காரணம். சான்றிதழ் சர்வரின் பெயருக்கு வழங்கப்பட்டிருக்கும், நீங்கள் உங்கள் டொமைனின் பெயரில் போயிருப்பீர்கள். எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், சர்வர் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எஸ்எஃப்டிபியில் முதல் முறை இணையும்போது சர்வரின் சாவிக் கைரேகை ஒன்று காட்டப்படும். ஹோஸ்டிங் பலகத்தில் அது தரப்பட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கவும். பின்னொரு நாள் அந்தச் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், சர்வரை மாற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடருங்கள்.

ஃபைல்ஸில்லா

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம், இடப்பக்கம் உங்கள் கணினி வலப்பக்கம் சர்வர் என்ற அமைப்பு பார்த்ததும் புரியும். முதல் முறை ஏற்றுபவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். விண்டோஸுக்கான முதன்மை இறக்கப் பொத்தானில் வேறு மென்பொருள்களின் சலுகைகளும் சேர்ந்து வரக்கூடும்; கூடுதல் இறக்க வழிகள் என்ற இணைப்பில் அவை இல்லாத நிறுவி கிடைக்கும். அதை எடுங்கள்.

மேலே தெரியும் குயிக்கனெக்ட் பட்டையை விட்டுவிட்டு நேராக சைட் மேனேஜருக்குப் போங்கள். புதிய தளம் ஒன்றைச் சேர்த்து, முதலில் நெறிமுறையைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஃப்டிபி என்றால் போர்ட்டைக் காலியாக விட்டாலும் 22 என்றே எடுத்துக்கொள்ளும். ஹோஸ்டிங் வேறு எண் தந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். எஃப்டிபி என்றால் அதன் கீழே மறையாக்கத்துக்கு நான்கு தெரிவுகள் இருக்கும். இருந்தால் பயன்படுத்து என்பதுதான் இயல்பாக இருக்கும். அதை மாற்றி, எக்ஸ்பிளிசிட் டிஎல்எஸ் கட்டாயம் வேண்டும் என்பதை வையுங்கள். அப்போது சர்வர் மறையாக்கம் தராவிட்டால் கடவுச்சொல் வெளியே போகாமல் இணைப்பு அங்கேயே நிற்கும். லாகின் வகையை நார்மல் என்று வைக்கலாம். பலர் புழங்கும் கணினி என்றால் கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் கேள் என்ற வகை நல்லது. அட்வான்ஸ்டு தாவலில் உங்கள் கணினியின் ஃபோல்டரையும் சர்வரின் ஃபோல்டரையும் குறித்துவைத்தால், ஒவ்வொரு முறையும் சரியான இடத்திலேயே திறக்கும். தவறான ஃபோல்டரில் கொட்டிவிடும் விபத்துகளில் பாதி இதனாலேயே குறையும்.

கடவுச்சொற்களை ஃபைல்ஸில்லா சேமிக்கும் விதத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அமைப்புகளில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காவிட்டால், அவை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் பேஸ்64 வடிவில் கிடக்கும். அது பூட்டே அல்ல. எழுத்தை மாற்றி எழுதியது மட்டுமே. கணினிக்குள் புகும் தீநிரல்கள் அந்தக் கோப்பைத் தேடிப் போய் எடுக்கும். இன்டர்ஃபேஸ் பகுதியில் பாஸ்வேர்ட்ஸ் என்ற இடத்தில் மாஸ்டர் பாஸ்வேர்டை வைக்க ஒரு நிமிடம் போதும்.

ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் போகலாம் என்பது இயல்பாக 2. 10 வரை கூட்டலாம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் 4, 5 என்று வைப்பதில் வேகம் தெரியும். அதற்கு மேல் போனால் பகிர்வு சர்வர்கள் 421 என்ற எண்ணோடு, இணைப்புகள் மிகுந்துவிட்டன என்று தள்ளிவிடும். அப்போது சைட் மேனேஜரின் டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸில் அந்தத் தளத்துக்கு மட்டும் 1 அல்லது 2 என்று வரம்பு வையுங்கள். தவறான கடவுச்சொல்லோடு மீண்டும் மீண்டும் முயன்றால் சர்வர் உங்கள் ஐபியையே தடை செய்துவிடலாம். அதன் அடையாளம்: எஃப்டிபி மட்டுமில்லாமல் உங்கள் தளமும் உங்கள் இணைப்பிலிருந்து திறக்காது, கைபேசி டேட்டாவில் மட்டும் திறக்கும். சர்வர் விழுந்துவிட்டது என்று அலறாமல் ஐபி தடையை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்றி முடிந்ததும் கீழே தோல்வியடைந்தவை என்ற தாவலைப் பார்க்காமல் மூடாதீர்கள். ஆயிரம் கோப்பில் மூன்று விடுபட்டிருந்தாலும் தளம் வெள்ளைப் பக்கமாக நிற்கலாம். அங்கே வலது சொடுக்கி, எல்லாவற்றையும் மீண்டும் வரிசையில் சேர்த்து ஓட்டினால் போதும்.

வின்எஸ்சிபி

விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தக் குறையை ஒதுக்கிவைத்தால், தளத்தை அடிக்கடி திருத்துபவருக்கு ஃபைல்ஸில்லாவைவிட இது பல படி மேல் என்பது எங்கள் கணிப்பு. எஸ்எஃப்டிபி வழியே 100 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்றும்போது, இயல்பாகவே அதை ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான பெயருக்கு மாற்றும். பாதியில் இணைப்பு அறுந்தாலும் தளத்தில் பழைய கோப்பு பழுதில்லாமல் இருக்கும். நடுவில் நின்றுபோன ஏற்றத்தின் மிச்சமாக ஃபைல்பார்ட் என்ற பின்னொட்டுடைய கோப்பு சர்வரில் கிடந்தால் அது இதுதான். மீண்டும் ஏற்றும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கட்டளைப் பட்டியலில் இரண்டு கருவிகள் முக்கியம். ஒன்று, உங்கள் கணினியில் ஒரு கோப்பைச் சேமித்த உடனே அதைத் தானாக சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. சோதனைத் தளத்தில் வேலை செய்யும்போது கைக்கு அடக்கமான வசதி. இரண்டு, ஒத்திசைவு: இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, என்னென்ன மாறப்போகிறது என்று பட்டியலிட்டு, நீங்கள் சரி சொன்ன பிறகு செய்யும்.

அந்த ஒத்திசைவில்தான் ஆபத்தும் இருக்கிறது. கோப்புகளை நீக்கு என்ற தெரிவை இட்டு ஓட்டினால், உங்கள் கணினியில் இல்லாத எல்லாம் சர்வரிலிருந்து அழியும். வேர்ட்பிரஸ் தளத்தில் பயனர்கள் ஏற்றிய படங்கள் சர்வரில் மட்டுமே இருக்கும். அவை உங்கள் கணினியில் இருக்க வாய்ப்பே இல்லை. ஒரே சொடுக்கில் அத்தனையும் போய்விடும். அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, முன்னோட்டப் பட்டியலை வரி வரியாகப் படித்த பிறகே ஓட்டுங்கள். இரண்டு மென்பொருளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கன்ட்ரோல்-எஸ் விசைகள் ஃபைல்ஸில்லாவில் சைட் மேனேஜரைத் திறக்கும், வின்எஸ்சிபியில் ஒத்திசைவுப் பெட்டியைத் திறக்கும்.

கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்போடு லாகின் செய்ய விரும்பினால், வின்எஸ்சிபி பிபிகே வடிவச் சாவியை எதிர்பார்க்கும். ஓபன்எஸ்எஸ்ஹெச் வடிவில் இருக்கும் சாவியைப் புட்டிஜென் கருவியால் மாற்றிக்கொள்ளலாம். பொதுச் சாவியை சர்வரில் வைத்த பிறகும் மறுக்கப்படுகிறது என்றால் அனுமதிகளைப் பாருங்கள் (யார் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் மூன்றிலக்க எண்கள்): சாவிகள் இருக்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் 700, அதனுள் இருக்கும் அனுமதிச் சாவிக் கோப்பு 600. உங்கள் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களும் எழுதலாம் என்ற நிலை இருந்தால் எஸ்எஸ்ஹெச் சேவை அந்தச் சாவியைச் சீண்டவே சீண்டாது.

மேக்கில் இருப்பவர்களுக்கு சைபர்டக் இருக்கிறது. விண்டோஸிலும் ஓடும். கடவுச்சொற்களை மேக்கின் கீசெயினில் வைக்கிறது, அது நல்ல பழக்கம். ஒற்றைச் சாளரம்தான், கோப்புகளை இழுத்துப் போட வேண்டும். இரு பக்கமும் பார்த்து ஒப்பிட விரும்பினால் மேக்கிலும் ஃபைல்ஸில்லாவே வசதி.

ஹோஸ்டிங் பலகத்தின் ஃபைல் மேனேஜர்

எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம், பிரவுசர் போதும். முதல் முறை முழுத் தளத்தையும் ஏற்றுவதற்கு இதைப் போல வேகமான வழி பகிர்வு ஹோஸ்டிங்கில் கிடையாது. காரணம் எளிது. எஃப்டிபியில் ஒவ்வொரு கோப்புக்கும் புதிய இணைப்பு திறந்து, அனுப்பி, மூட வேண்டும். கோப்பு 2 கிலோபைட் ஆனாலும் அந்தச் சடங்கு முழுதாக நடக்கும். வேர்ட்பிரஸில் மட்டும் சில ஆயிரம் கோப்புகள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை பொடிசு. அத்தனையையும் ஒரே ஜிப்பாக்கி ஏற்றினால் சடங்கு ஒரு முறைதான்.

ஜிப் செய்யும்போது தளத்தின் ஃபோல்டரை வெளியிலிருந்து சுருக்காமல், அதற்குள் போய் உள்ளே இருப்பவை அனைத்தையும் தேர்ந்தெடுத்துச் சுருக்குங்கள். இல்லையென்றால் விரித்த பிறகு எல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், தளம் திறக்காது. புள்ளியில் தொடங்கும் ஹெச்டிஅக்சஸ் போன்ற மறைகோப்புகள் ஜிப்பில் சேர்ந்தனவா என்று பாருங்கள். ஃபைல் மேனேஜரின் அமைப்புகளில் மறைகோப்புகளைக் காட்டு என்பதை இட்டால்தான் அவை சர்வரில் கண்ணில் படும். வட்டு ஒதுக்கீட்டில் ஜிப்புக்கும் விரித்த கோப்புகளுக்கும் சேர்த்தே இடம் வேண்டும், 300 மெகாபைட் ஜிப்புக்கு 300 மட்டும் மிச்சம் இருந்தால் பாதியில் நிற்கும். விரித்து முடித்ததும் ஜிப்பை நீக்குங்கள். தளத்தின் பொது ஃபோல்டரில் விட்டுவைத்த ஜிப்பைப் பெயரை யூகித்தே எவரும் இறக்கிவிடலாம். அதற்குள் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருக்கும்.

தினம் பத்துக் கோப்பு திருத்துபவருக்கு இந்த வழி ஒத்துவராது. ஒவ்வொன்றாக ஏற்றி, மேலெழுதவா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடும்.

ஆர்சிங்க்

எஸ்எஸ்ஹெச் அனுமதி இருந்து, கட்டளை வரிக்கு அஞ்சாதவர் என்றால் மற்ற எதுவும் இதற்குக் கிட்டே வராது. 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கராஸும் வெளியிட்ட கருவி இது. மாறிய கோப்புகளை மட்டும், அவற்றிலும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். அது சர்வரிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸில், அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியே ஓட்டிக்கொள்ளலாம்.

இரண்டு இடங்களில் எல்லோரும் ஒரு முறையாவது சறுக்குவார்கள். மூல ஃபோல்டரின் பெயர் சாய்கோட்டோடு முடிந்தால் அதன் உள்ளடக்கம் போகும். சாய்கோடு இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரே போய் அங்கே ஒரு படி உள்ளே உட்காரும். அடுத்தது நீக்கும் தெரிவு. வின்எஸ்சிபியில் சொன்ன அதே ஆபத்து இங்கே எச்சரிக்கைப் பெட்டிகூட இல்லாமல் காத்திருக்கிறது. எப்போதும் ஒத்திகைத் தெரிவைச் சேர்த்து முதலில் ஓட்டுங்கள். என்ன செய்யப்போகிறது என்று அச்சிடும், எதையும் தொடாது. பதிப்பு வரலாறு உள்ள கிட் ஃபோல்டர், கடவுச்சொற்கள் உள்ள என்வி கோப்பு, நிரல் நூலகங்கள் உள்ள நோட் மாட்யூல்ஸ் ஆகியவற்றை விலக்குத் தெரிவில் கொடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்ஹெச் இல்லை, எஃப்டிபிஎஸ் மட்டும்தான் என்றால் எல்எஃப்டிபி என்ற கட்டளை வரிக் கருவியின் மிரர் கட்டளை ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். கோப்பின் பகுதியை மட்டும் அனுப்பும் திறன் அதற்கு இல்லை, முழுக் கோப்பும் போகும்.

எந்த வழியில் போனாலும் காத்திருக்கும் கோளாறுகள்

ஏற்றிய பிறகும் ஹோஸ்டிங்கின் வரவேற்புப் பக்கமே தெரிகிறதா? இரண்டு காரணங்களைப் பாருங்கள். சிபேனலில் தளம் பப்ளிக்_ஹெச்டிஎம்எல் ஃபோல்டரில் இருக்க வேண்டும், பிளெஸ்க் என்ற பலகத்தில் ஹெச்டிடிபிடாக்ஸ். ஹோம் ஃபோல்டரில் போட்டால் வெளியே தெரியாது. எஃப்டிபி கணக்கே அந்தப் பொது ஃபோல்டருக்குள் திறக்கும்படி அமைந்திருக்க, நீங்கள் அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கி அதற்குள் ஏற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டாவது, ஹோஸ்டிங் வைத்திருக்கும் இன்டெக்ஸ் ஹெச்டிஎம்எல் கோப்பு. சர்வர் அமைப்பில் அதற்கு முன்னுரிமை இருந்தால், நீங்கள் ஏற்றிய இன்டெக்ஸ் பிஹெச்பி பக்கத்துக்கு வாய்ப்பே வராது. அந்தக் கோப்பை நீக்குங்கள்.

பக்கம் வருகிறது, சில படங்கள் மட்டும் வரவில்லை என்றால் எழுத்தின் அளவைப் பாருங்கள். லினக்ஸ் சர்வருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு. பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதிய பின்னொட்டு கோப்பில் பெரிய எழுத்தாக இருந்தால், விண்டோஸில் தெரிந்த படம் அங்கே 404 ஆகிவிடும்.

அனுமதிகள்: ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. ஃபைல்ஸில்லாவில் உள்ஃபோல்டர்களுக்கும் சேர்த்து மாற்றும்போது, 755ஐ டைரக்டரிகளுக்கு மட்டும் என்றும் 644ஐக் கோப்புகளுக்கு மட்டும் என்றும் தனித்தனியாக இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் 644 கொடுத்தால் ஃபோல்டர்களுக்குள் நுழையும் உரிமையே போய், தளம் முழுக்க 403 வரும். அவசரத்தில் 777 கொடுப்பது இன்னும் மோசம். பல பகிர்வு சர்வர்கள் அப்படிப்பட்ட பிஹெச்பி கோப்பை ஓட்ட மறுத்து 500 பிழையைத் தரும். ஓட்டுகிற சர்வரிலோ, உள்ளே நுழைந்த எவரும் அதில் எழுதலாம். வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்புக்கு 640 அல்லது 600 வையுங்கள்.

எஃப்டிபியிலும் எஃப்டிபிஎஸ்ஸிலும் பரிமாற்ற வகை என்று ஒன்று உண்டு. ஆஸ்கி வகையில் வரி முடிவுக் குறிகள் மாற்றப்படும். படமோ ஜிப்போ அந்த வழியில் போனால் பாழ். பைனரியில் வைத்துவிடுங்கள். விண்டோஸில் எழுதிய பெர்ல், ஷெல் நிரல்களுக்கு மட்டும் எடிட்டரிலேயே லினக்ஸ் வரி முடிவுக்கு மாற்றி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் வரியின் முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியால் சர்வர் அந்த நிரலை ஓட்டத் தெரியாமல் நிற்கும்.

550 என்றால் கோப்பு இல்லை அல்லது அனுமதி இல்லை. 552 என்றால் இடம் தீர்ந்துவிட்டது. குப்பைத் தொட்டி ஃபோல்டரையும் பழைய காப்புகளையும் பாருங்கள். வேர்ட்பிரஸ் தளத்தை இடம் மாற்றுபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: பதிவுகளும் பக்கங்களும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கோப்புகளை எவ்வளவு கவனமாக ஏற்றினாலும் அவை வந்து சேராது, பிஹெச்பிமைஅட்மின் வழியே தனியாக எடுத்துவர வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தைப் புதுப்பிக்கும்போது

கோப்புகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் தளத்துக்கு வருபவர் பாதி பழையது பாதி புதியது கலந்த பக்கத்தைப் பார்ப்பார். சின்ன மாற்றம் என்றால் வரிசையைக் கவனித்தால் போதும்: படங்கள், ஸ்டைல் கோப்புகள், நிரல்கள் முதலில், அவற்றை அழைக்கும் பக்கங்கள் பிறகு, இன்டெக்ஸ் கடைசியில்.

பெரிய மாற்றம் என்றால் மறுபெயர் முறையைக் கையாளுங்கள். முதன்மைக் கணக்கில் நுழைந்து, பொது ஃபோல்டருக்குப் பக்கத்தில், உள்ளே அல்ல, புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி முழுப் பதிப்பையும் அதில் ஏற்றுங்கள். பயனர்கள் ஏற்றிய படங்களின் ஃபோல்டரையும் அதற்குள் நகலெடுங்கள். புதிய ஃபோல்டரின் அனுமதி எண் பழையதன் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். சில சிபேனல் சர்வர்களில் பொது ஃபோல்டர் 750 என்று இருக்கும். எல்லாம் வந்து சேர்ந்தது உறுதியானதும் பழையதற்குப் பின்னொட்டுச் சேர்த்து மறுபெயரிட்டு, புதியதற்குப் பொது ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். மறுபெயரிடுவதில் எந்தக் கோப்பும் நகர்வதில்லை, எவ்வளவு பெரிய தளமானாலும் ஒரு கணத்தில் முடியும். பிரவுசரில் கேஷைத் தவிர்த்துப் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். ஏதாவது உடைந்திருந்தால் இரண்டு பெயர்களையும் திருப்பி மாற்றினால் பழைய தளம் அப்படியே வந்து நிற்கும்.